பழுதில்லாத பிரதி

அப்பா துணிக்கடைக்காரர், பழுதுள்ள சரக்கைக் கடைவாசல் தாண்ட விட்டதில்லை. அப்படிப்பட்டவரைக் கொண்டுபோனதே அவர் டிஎன்ஏவில் இருந்த ஒரு தப்பெழுத்துதான். அது மகளுக்கும் வந்திருந்தது. ஆய்வகத்தில் வேலை பார்த்த மகள், அப்பாவின் தோலிலிருந்து முன்பு எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்துவந்தாள். செல் இரண்டாகும் முன் டிஎன்ஏவை எழுத்துக்கு எழுத்து நகலெடுக்கும். தப்பையும் தப்பாமல் எடுத்துவிடும்.

இன்று காலை சோதித்தபோது அந்த எழுத்து சரியாக இருந்தது.

“தட்டு மாறிப்போச்சாக்கா?” என்றாள் கூட வேலை செய்யும் தோழி.

“மாறல. எங்கப்பாவாச்சே, கண்ணுல பட்டா சும்மா விடுவாரா?” மகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“அப்போ உங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணுவாரா? கைய நீட்டுங்க,” என்று கேலியாகச் சொல்லி, தோழி ரத்தம் எடுத்தாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. பிறந்ததிலிருந்து இருந்த தப்பெழுத்து மகளின் ரத்தத்தில் இல்லை.

“பாத்தியா எங்கப்பாவ,” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவள் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

காலையில் இடுக்கில்லாமல் நெருக்கியடித்துக் கிடந்த செல்களில் ஒன்றுகூட இல்லை. சரக்கெல்லாம் போனபின் கூட்டிப் பெருக்கிய கடைபோல், தட்டு சுத்தமாக இருந்தது.