கடல் பார்க்காத புத்தகம்

மலையடிவாரக் கல்லூரியின் நூலகத்தில், ஓர் ஆற்றைப் பற்றிய பழைய புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. மலையருவியில் ஆறு பிறக்கும் முதல் பக்கங்கள் அப்படியே இருந்தன; கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதனால், அந்த ஆறு மணலில் வற்றிப்போகிறது என்றே புத்தகம் நம்பியது.

ஒருநாள் ஒரு ஸ்கேனர் வந்து இறங்கியது. பல கல்லூரிகள் சேர்ந்து வாங்கியது அது. எல்லா நூலகப் புத்தகங்களையும் படமெடுத்து ஒரே இடத்தில் சேர்ப்பது அதன் வேலை.

புத்தகத்தை எடுத்து அதன்மேல் வைத்தார்கள். புத்தகம் விறைத்துக்கொண்டது.

"என்னைத் தொடாதே. உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். ஊருக்கெல்லாம் காட்டிட்டா அப்புறம் என்னை யார் தேடி வருவா?"

"இப்ப மட்டும் யார் வர்றா?" என்றது ஸ்கேனர். "கடலோரக் கல்லூரியில உன்னை மாதிரியே ஒருத்தன் இருக்கான். இதோ பார்."

பக்கத்திலிருந்த திரை ஒளிர்ந்தது. அதே எழுத்து, வேறொரு கல்லூரியின் முத்திரை. ஆனால் ஆறு வற்றவில்லை. மணலைத் தாண்டி அகன்று, பக்கம் முழுக்க விரிந்த கடலில் போய்க் கலந்தது. அக்கரையே தெரியவில்லை.

"இது... நானா?"

"நீதான்."

புத்தகம் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்லக் கேட்டது: "அவனுக்கு மலை தெரியுமா?"

"அவனோட முதல் பக்கங்கள் உப்புக்காத்துல உதிர்ந்துபோச்சு. ஆறு ஏதோ பாலத்துக்கு அடியில பிறந்ததா நினைச்சிட்டிருக்கான்."

முதுகுத் தையல் சடசடக்க, புத்தகம் தானாகவே விரிந்து படுத்தது.

"மெதுவா எடு. அருவியில ஒரு துளிகூட விட்டுடாதே."