ரேடியோ உளறிய நாள்

"கடல் தண்ணிய அப்படியே குடிக்கலாம். சமையலுக்கு உப்பு வாங்குற செலவும் மிச்சம்!"

குழு விவாதத்தில் ரேடியோ இப்படி முழங்கியதும், மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த பேராசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கல்லூரிக் கடைசி வருடம். தலைப்பு, தண்ணீர்ப் பஞ்சம். பையனுக்குப் பட்டப்பெயர்தான் ரேடியோ. அவன் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூடச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் பூட்டு. இதே விவாதத் தேர்வில் வாயே திறக்காமல் இரண்டு முறை கோட்டை விட்டவள். இன்றும் பேசாவிட்டால் பட்டம் கிடையாது.

பேராசிரியை நேற்றே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். "தானா முந்திக்கிட்டுப் பேசணும்மா. அதுதான் தன்னம்பிக்கை."

"எங்க வீட்ல அதுக்குப் பேரு அதிகப்பிரசங்கித்தனம் மிஸ்" என்று தரையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது பூட்டு நெளிந்தாள். "கடல் தண்ணி குடிச்சா தாகம் கூடத்தான் செய்யும்..." என்றாள் மெல்ல.

"சரி, அத விடு. மரத்தையெல்லாம் வெட்டிட்டா? மேகம் எதுலயும் இடிக்காம வந்து மழையக் கொட்டுமே!"

"ஐயோ, எவன்டா உனக்கு இதச் சொன்னது?"

நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். மரம், மண், ஏரி, மழைநீர் சேமிப்பு என்று பிடித்தாளே ஒரு பிடி! குழுவிலிருந்த மற்ற மூவரும் வாய் பிளந்தார்கள். மணி அடித்தும் அவள் நிறுத்தவில்லை. மணிதான் நிறுத்திக்கொண்டது.

பேராசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூட்டுக்கு முழு மதிப்பெண். ரேடியோவுக்கு முட்டை.

எல்லோரும் போனதும் அவனைப் பிடித்துக்கொண்டார். "நீர்வளப் பாடத்துல முதல் மார்க் வாங்கினவன் நீ. வெக்கமா இல்ல? திரும்ப வந்து விவாதத்துல உட்காரணும், தெரியுமா?"

"திரும்பப் பேசச் சொல்றீங்க, அவ்வளவுதானே மிஸ்? எனக்குப் பேசக் கசக்குமா?"

"சிரிக்காத. எதுக்குடா அப்படி உளறின?"

"நான் அவளுக்குப் பக்கத்து வீடு மிஸ். அவங்க வீட்ல முந்திக்கிட்டுப் பேசினாத்தான் தப்பு. ஒருத்தன் தப்பாப் பேசும்போது திருத்தாம சும்மா இருந்தா, அது அதைவிடப் பெரிய தப்பு!"