டிக்கியில் தேவையில்லாத எடை

எங்கள் கார் எங்களுக்கு மார்க் போடும். திடீரென்று பிரேக் பிடித்தால் குறைக்கும், டயரில் காற்று கம்மியானாலும் குறைக்கும். மார்க் சிவப்பில் விழுந்தால் அந்த மாதம் எந்த பங்க்கிலும் பெட்ரோல் கிடையாது. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். வண்டியை எடுக்கும்போதெல்லாம் அது சொல்லும்: "டிக்கியில் தேவையில்லாத எடை உள்ளது. இறக்கவும்."

அந்த எடை அப்பாவின் சக்கர நாற்காலி.

பட்டமளிப்பு விழாவுக்கு ஒருவரைத்தான் கூட்டிப்போகலாம். நான் கவுனை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அம்மா அப்பாவைக் காரில் உட்கார வைத்திருந்தாள். கார் அன்று வாயே திறக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கல்லூரி வாசலில் டிக்கியைத் திறந்தால் காலி.

"நாற்காலி எங்கப்பா?"

"வீட்லதான். மார்க் ரொம்ப இறங்கிடுச்சுல்ல, நான்தான் வைக்க வேணாம்னேன். நீ போய் பட்டம் வாங்கிட்டு வா பாப்பா. நான் வண்டியிலயே இருக்கேன்."

"நம்ம வீட்டு முதல் பட்டம். நீ என்ன வாட்ச்மேனா, வாசல்ல உக்கார?"

நாற்காலியை எடுக்க வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தேன். "மெதுவாக ஓட்டவும்" என்று கார் கெஞ்சியது. பைபாஸ் வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

"இந்த மாசம் இனி எங்கயும் போக முடியாதுப்பா."

"இன்னைக்குப் போவோம்ல" என்றார் அப்பா. "அந்த லாரிக்குப் பின்னாடி என்ன ஊர்வலமா போற? முந்து."