சுடுகிற சுவர்

விமானத்தின் பின்கோடியில் உள்ள சமையல்கட்டில் கம்பி கருகும் வாடை வீசுகிறது. அடுப்பின் ஃபியூஸ் பொத்தான் தானாக வெளியே துருத்தி நிற்கிறது. “உள்ள தள்ளிப் பாக்கட்டுமாடி? காப்பி காப்பின்னு உயிரை வாங்கறாங்க” என்கிறாள் கூட வேலை செய்பவள். “தள்ளு, எல்லாரும் சேர்ந்து வேகலாம்” என்று அவளைத் தடுத்துவிட்டு, தலைமைப் பணிப்பெண் சமையல்கட்டு மின்சாரத்தையே நிறுத்துகிறாள். புறங்கையால் சுவரைச் சாண் சாணாகத் தடவுகிறாள். உள்ளங்கை காய்த்துப்போனது, அதை நம்ப முடியாது. அடுப்புக்கு மேலே, கம்பிகள் ஓடும் இடம் சுடுகிறது. தீயணைப்பானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுக்கிறாள். “கேப்டன், கரண்டை நிறுத்தியும் சுவர் சுடுது.” “கூடுதா?” “கூடலை. கொறையவும் இல்லை.” “சரிம்மா, பக்கத்துலயே எறக்கறேன்.” விமானம் சாய்கிறது, தட்டுகள் கடகடக்கின்றன, ஜன்னல் வெயில் அவள் முழங்கையில் ஏறுகிறது. புறங்கை சுவரிலேயே இருக்கிறது. சக்கரம் தரையைத் தொடும்வரை அவள் அதை எடுப்பதாக இல்லை.