தண்ணீர் குடிக்கும் அறை

"வீட்ல இவங்களுக்குத் தண்ணி குடுக்கறீங்களா, இல்லையா?"

கட்டிலில் கிடந்த அம்மாவைக் காட்டி டாக்டர் கேட்டதும் மகள் திரும்பித் தம்பி மனைவியைப் பார்த்தாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"தினம் பாட்டில் நிறைய வைக்கிறேன் அண்ணி. சாயங்காலம் பாத்தா காலியாத்தான் இருக்கு," என்றாள் மருமகள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை அவர்கள் பக்கம் நகர்த்தினார். "சோடியம் நூத்தி அறுபத்தெட்டு. நூத்தி நாப்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது."

"சோடியம்னா உப்புதானே? சாப்பாட்டுல அள்ளிக் கொட்டினாளா?"

"உப்பு கூடலைம்மா. உடம்புல தண்ணி வத்திப்போச்சு. அடுப்புல சுண்டச் சுண்டக் கரிக்குமில்ல, அப்படி. மூத்திரமும் கொஞ்சமா, கெட்டியாப் போகுது. அவ்வளவு தண்ணி உள்ள போயிருந்தா வெளியில வந்திருக்கணும். இவங்க குடிக்கவே இல்லை."

"அப்ப யாரு குடிச்சா?"

அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடப்பவள். கட்டிலை விட்டு இறங்க முடியாது.

டிரிப்ஸ் ஏற்றி, ஓரளவு தேறி, அம்மா வீடு திரும்பினாள். மகளும் கூடவே வந்து தங்கிவிட்டாள்.

"இனிமே தண்ணி நான்தான் வைப்பேன். துணி மாத்த, புரட்டிப் போட மட்டும் நீ வந்தா போதும்," என்றாள் தம்பி மனைவியிடம்.

அவளே நிரப்பினாள். அவளே கதவைச் சாத்தினாள். சாயங்காலம் பாட்டில் காலி.

"குடிச்சியாம்மா?"

"ம்."

உதடு வெடித்திருந்தது. நாக்கு மரப்பட்டையாய்க் காய்ந்திருந்தது. அம்மா சுவரைப் பார்த்து யாரிடமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அந்த அறையில் நிற்கவே என்னவோ போலிருந்தது.

அடுத்த பரிசோதனையில் சோடியம் மறுபடி ஏறியிருந்தது.

"இப்ப யாரு தண்ணி குடுக்கறது?" என்றார் டாக்டர்.

"நான்தான்," என்றாள் மகள்.

மறுநாள் மதியம் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். வீடு அரவமில்லாமல் கிடந்தது. கட்டிலிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. எலும்பும் தோலுமான கை. பாட்டிலைத் தடவிப் பிடித்து, தலைமாட்டுச் சன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக் கவிழ்த்தது. சத்தமே இல்லை. தண்ணீர் சுவரோடு வழிந்து இறங்கியது. கடைசிச் சொட்டை மட்டும் விரலில் வாங்கி உதட்டில் தடவிக்கொண்டது அந்தக் கை.

மகள் உள்ளே ஓடினாள். "என்னம்மா இது? உனக்குத் தாகமே இல்லையா?"

"தொண்டை எரியுதுடி."

"அப்புறம் ஏன் கொட்டறே?"

"குடிச்சா படுக்கை நனையும். நனைஞ்சா என்னைத் தூக்கிப் புரட்டணும்."

"புரட்டட்டுமே. அதுக்குக்கூட வலிக்குதாமா உன் மருமகளுக்கு?"

"ஒரு தடவைகூட அவ மூஞ்சி சுளிச்சதில்ல. அதான் எனக்குப் பயம்."

அம்மா அவள் கையைப் பிடித்து அருகே இழுத்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ரெண்டு தடவை கலைஞ்ச வயிறு. மறுபடி உண்டாகியிருக்கா. காலையில வாந்தி எடுக்கற சத்தம் இந்தச் சுவர் வழியா எனக்குக் கேக்குது. இதுவும் தங்கலைன்னா நீ என்ன சொல்லுவியோன்னு பயந்துதான் வெளியில சொல்லாம இருக்கா."