குருவி போட்ட துப்பாக்கி

அருங்காட்சியகத்தில் பழைய போர்த் துப்பாக்கிகளைத் துடைப்பது எனக்கும் என் மனைவிக்கும் வேலை. துப்பாக்கியின் குழலிலும், கையால் இழுத்துத் தள்ளும் போல்ட்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். தேய்ந்த எண்ணின் மேல் சாக்பீஸ் தடவினால் பளிச்சென்று தெரியும்.

ஒருநாள் அரட்டை மும்முரத்தில் போல்ட்டுகளை மாற்றி மாட்டிவிட்டோம். மறுநாள் காலை பார்த்தால் எல்லாம் அதனதன் துப்பாக்கியில் இருந்தன.

“நீயா மாத்தின?”

“எனக்கு வேற வேலை இல்லையா? அதுங்களுக்கு வீடு தெரியுது. நமக்கு ஒரு வேலை மிச்சம்,” என்றாள் மனைவி.

அதிலிருந்து நாங்கள் எண் பார்த்து மாட்டுவதில்லை. நிம்மதியாக டீ குடிக்கிறோம்.

மூலையில் இருந்த துப்பாக்கிதான் ஒரே கவலை. அதன் போல்ட் போரிலேயே தொலைந்துவிட்டதாம். மரப்பிடியில் அதை வைத்திருந்த சிப்பாய் கத்தியால் ஒரு குருவி செதுக்கியிருந்தார். அதனால் மனைவிக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். போல்ட் இல்லாததைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக மேலாளர் சொன்ன அன்று அவள் அதை மட்டுமே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அதில் போல்ட் இருந்தது. போல்ட் மேல் ஈரச் சேறு அப்பியிருந்தது. மனைவி அதைத் துடைத்துச் சாக்பீஸ் தடவினாள். குழலில் இருந்த அதே எண்.

கீழே புதிதாக மரச் சீவல் கிடந்தது. குருவிக்குப் பக்கத்தில் இன்னொரு குருவி. கோடுகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன.

“அந்தச் சிப்பாய்க்கும் வயசாயிடுச்சு போல,” என்றாள் மனைவி. “இன்னும் வால் போடல பாருங்க. போகும்போது கதவைப் பூட்டாதீங்க.”