லிட்டருக்கு இருபத்துமூன்று

டேங்கின் வாய் வரைக்கும் டீசல் போடச் சொல்லிவிட்டு, முதலாளி ராமராஜன் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

மடியில் மொபைல். அதில் மேப். என் வண்டி மீட்டர் பொய் சொல்கிறதா என்று அது பார்க்குமாம்.

அவருடைய டிராவல்ஸில் ஆறு கார்கள், எல்லாம் ஒரே மாடல். மற்ற ஐந்தும் லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடுகின்றன. என்னுடையது மட்டும் இருபத்துமூன்று. அதனால் நான் மீட்டரைத் திருப்பி, ஓடாத தூரத்துக்கும் சவாரிக்காரர்களிடம் வாடகை வாங்கி விழுங்குகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். இன்றைக்குத் தப்பினால்தான் எனக்கு வேலை.

"திருமுக்கூடல் போய்த் திரும்பலாம், ஏஞ்சல். பார்த்துடலாம்."

பார்த்துடலாம். எனக்கென்ன பயம்?

ஏசியைப் போட்டேன். அதை அணைத்துத்தான் ஜெயித்தாள் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது.

ஆக்ஸிலேட்டரில் கால் பட்டும் படாமலும் இருந்தது. இன்ஜின் கத்துவதற்கு முன்பே அடுத்த கியர். ஐம்பதைத் தொட்டதும் அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

வாலாஜாபாத் ரோட்டில் மணல் லாரி முந்தியது. ஷேர் ஆட்டோ முந்தியது. பால் கேன் கட்டிய பைக்கும் முந்தியபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா, மாட்டு வண்டியா ஓட்டிக்கினு இருக்கிற?"

நான் ஐம்பதைத் தாண்டவில்லை. மூடிய ரயில்வே கேட்டில் அதே மணல் லாரிக்குப் பின்னால் மெல்லப் போய் நின்றேன்.

திரும்பி ஊருக்குள் நுழைந்ததும், கோபுரம் தெரிந்த இடமெல்லாம் நூறடிக்கு முன்பே காலை எடுத்தேன். அவர் ஒவ்வொரு முறையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் நம் சாமிக்கு மரியாதை செய்கிறாளே என்று அவர் முகம் கொஞ்சம் குளிர்ந்தது.

நான் காலை எடுத்தது கோபுரத்தடியில் நிற்கிற பூக்கடைக்கும் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும். எப்படியும் நிற்கப்போகிற இடத்துக்கு எதற்கு ஓடிப்போய் பிரேக் அடிக்க வேண்டும்? அதை அவரிடம் சொல்லவில்லை. கும்பிட்டுக்கொள்ளட்டும்.

அதே பங்க், அதே பம்ப். மறுபடியும் வாய் வரைக்கும் போட்டார்கள். இரண்டு லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. ஒன்று தொண்ணூற்றெட்டு.

மேப்பில் நாற்பத்தாறு கிலோமீட்டர். மீட்டரிலும் நாற்பத்தாறு.

கால்குலேட்டரில் இரண்டு முறை வகுத்துப் பார்த்தார். இரண்டு முறையும் இருபத்துமூன்றுக்கு மேல்தான் வந்தது.

"சரிம்மா, நம்ம பசங்க எல்லாருக்கும் நீயே கத்துக்குடு" என்றார், பெரிய மனசு பண்ணி.

இவ்வளவு தூரமும் நான் ஓட்டியது அவர் வாயிலிருந்து இதை வாங்கத்தான்.

சாவியை உருவி அவர் மடியில் வைத்தேன்.

"எனக்குக் கத்துக்குடுத்தவர இட்டுக்கினு வாங்க சார். இதே பழியப் போட்டு போன மாசம் தொரத்துனீங்களே, கண்ணாயிரம் அண்ணன். அவரு திரும்ப வேலைக்கு வர்ற வரைக்கும் நான் இந்த வண்டியைத் தொட மாட்டேன்."

இறங்கி நின்றேன். டீசலுக்காகப் பின்னால் காத்திருந்த வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.

அடிக்கட்டும்.